சூரியனுக்கு ஒரு நாட்குறிப்பு



ஜொகூர் மாநிலத்தில் பண்டார் தெங்காராவை அடுத்து, செம்பனை மரங்களுக்கு நடுவே எங்கள் தோட்டப் பள்ளி இருக்கிறது. பள்ளித் திடலின் ஓரத்தில் ஒரு மழைமானி வைத்திருக்கிறோம். ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் முறை போட்டுக்கொண்டு, காலை ஏழரை மணிக்கு அதைப் பார்த்து, முந்தைய நாள் பெய்த மழை எத்தனை மில்லிமீட்டர் என்று ஒரு கணக்குப் புத்தகத்தில் எழுதவேண்டும். தோட்டத்து அலுவலகத்தில் கிராணியார் எழுதுகின்ற மழைக்கணக்கைப் பார்த்துத்தான் இந்தப் பழக்கத்தைத் தொடங்கினோம்.

ஒருமுறை பள்ளி விடுமுறை முடிந்து வந்து புத்தகத்தைப் புரட்டினேன். விடுமுறை நாட்களுக்கும் எண்கள் நிரம்பியிருந்தன. "யாரப்பா அளந்தது?" என்று கேட்டேன். ஒரு மாணவன் தயங்கித் தயங்கி எழுந்தான். "யாரும் அளக்கல சார். கட்டம் வெறுமையா இருந்துச்சு. அதான் நானே போட்டேன்" என்றான். அழித்துவிட்டு, "அளக்கவில்லை" என்று எழுதச் சொன்னேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. "கொஞ்ச நாள் கணக்குதானே சார், அதனால என்ன?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. அன்று வகுப்பில் அவனுக்கு அரைகுறையாகத்தான் விடை சொன்னேன். முழு விடையைச் சொல்லவேண்டுமானால் தமிழ்நாட்டில் உள்ள ஒரு மலைக்குப் போகவேண்டும். அந்த மலையில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சூரியனுக்கு நாட்குறிப்பு எழுதி வருகிறார்கள். கோடைக்கானல் சூரிய ஆய்வகம் என்பது அதன் பெயர். இன்றைய உரையில் அந்த ஆய்வகத்தின் கதையைக் காண்போம்.

கதை மழையில்தான் தொடங்குகிறது. இன்னும் சரியாகச் சொன்னால், மழை பெய்யாமல் போனதில் தொடங்குகிறது.

1876ஆம் ஆண்டு தென்னிந்தியாவில் பருவமழை பொய்த்தது. அடுத்த ஆண்டும் நிலைமை தேறவில்லை. அந்தத் தமிழ் ஆண்டுக்குத் தாது என்று பெயர். ஆகவே நம் முன்னோர் அதைத் தாது வருஷப் பஞ்சம் என்றார்கள். இரண்டு ஆண்டுகளில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகின்றனர். மழை பொய்த்தது இயற்கை. ஆனால் மக்கள் பட்டினி கிடந்தபோதும் தானியம் கப்பலேறியது. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 450 கிராம் தானியமே அளந்து கொடுக்கப்பட்டது. இவை மனிதர் செய்தவை. பஞ்சத்தில் பிழைத்தவர்களுள் பலர் ஊரை விட்டுக் கப்பலேறினார்கள். இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பர்மாவுக்கும், மலாயாவின் கரும்பு, காப்பித் தோட்டங்களுக்கும் போனவர்கள் உண்டு. நம்மில் சிலருடைய குடும்பக் கதையிலும் அந்தப் பஞ்சத்தின் நிழல் இருக்கக்கூடும். என் பாட்டி, யாராவது சோற்றை மீதம் வைத்தால், "தாது வருஷத்தைக் கண்டிருந்தா இப்படிச் செய்வியா?" என்று கடிந்துகொள்வார். அவரும் அதைக் கண்டவர் அல்லர். அவருடைய பாட்டி சொன்னதைத் திருப்பிச் சொன்னார், அவ்வளவுதான்.

இவ்வளவு பெரிய இழப்புக்குப் பிறகு அரசாங்கம் ஒரு கேள்வியைக் கேட்டே ஆகவேண்டியிருந்தது. மழை எப்போது பொய்க்கும் என்பதை முன்கூட்டியே அறிய முடியாதா?

அந்தக் காலத்து அறிஞர்களுள் சிலர் சூரியனைச் சுட்டிக் காட்டினார்கள். சூரியனின் முகத்தில் கரும்புள்ளிகள் தோன்றி மறைகின்றன. ஜெர்மனியில் மருந்துக்கடை நடத்திய ஷ்வாபே என்பவர் 1826 முதல் வெயில் அடித்த நாளெல்லாம் அந்தப் புள்ளிகளை எண்ணி எழுதிவந்தார். அவர் உண்மையில் தேடியது புதன் கோளுக்கும் உள்ளே சுற்றும் வேறொரு கோளை. அது கிடைக்கவில்லை. ஆனால் பதினேழு ஆண்டுக் கணக்கைப் புரட்டிப் பார்த்தபோது, புள்ளிகள் ஒரு முறையோடு பெருகிக் குறைவதைக் கண்டார். 1844இல் அதை வெளியிட்டார். அந்தச் சுழற்சி சராசரியாகப் பதினோர் ஆண்டுகள் என்பதை இன்று நாம் அறிவோம்.

சூரியன்தான் கடலைக் காய்ச்சி மேகமாக்குகிறது. சூரியனில் பதினோராண்டு மாற்றம் இருந்தால், மழையிலும் அதே மாற்றம் இருக்கவேண்டும் அல்லவா? இப்படித்தான் அவர்கள் எண்ணினார்கள். பஞ்சத்தை ஆராய்ந்த குழுவும் சூரியனை முறையாகக் கவனிக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. 1893இல் கெல்வின் பிரபுவின் தலைமையில் கூடிய குழு, கோடைக்கானலில் ஓர் ஆய்வகம் அமைக்க முடிவு செய்தது.

அதற்கு முன் தமிழகத்தில் வானாய்வே இல்லை என்று நினைத்துவிடக்கூடாது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இலேயே ஒரு வானாய்வகம் கட்டப்பட்டது. அங்கே விண்மீன்களின் இடங்களை அளந்ததோடு 1796 முதல் வானிலைக் குறிப்புகளும் எழுதினார்கள். அங்குப் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்து, உலக வானியலில் இடம்பெற்றார். ஆனால் சூரியனை நாள்தோறும் நுணுக்கமாகப் பார்க்கச் சென்னையின் தாழ்ந்த, தூசி நிறைந்த காற்று ஏற்றதன்று.

கோடைக்கானல் பழனி மலைத்தொடரில் இருக்கிறது. ஆய்வகம் நிற்கும் குன்று கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,340 மீட்டர் உயரம். நம் ஜொகூரின் உயர்ந்த சிகரமான லேடாங் மலை 1,276 மீட்டர்தான். அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு உயரத்தில் அந்த ஆய்வகம் இருக்கிறது. அங்கே தூசி குறைவு. காலை நேரத்துக் காற்று தெளிவு. 1899 ஏப்ரல் முதல் நாள் ஆய்வகம் நிறுவப்பட்டது. மிச்சி ஸ்மித் என்பவர் அதன் தலைவர். 1901இல் ஆய்வுப்பணி தொடங்கியது.

1904 முதல் அங்கே சூரியனை நாள்தோறும் படம் பிடிக்கிறார்கள். காலையில் மேகம் விலகியதும் கூரையைத் திறந்து, தொலைநோக்கியைச் சூரியனை நோக்கித் திருப்பி, ஒரு படம். அவ்வளவுதான். கேட்பதற்கு எளிது. ஆனால் அதை நேற்றும் செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள், இரண்டு உலகப் போர்களின்போதும் செய்தார்கள், இந்தியா விடுதலை பெற்ற பிறகும் விடவில்லை. தாத்தா, தந்தை, பேரன் என்று மூன்று தலைமுறையாக இப்பணியைச் செய்த குடும்பமும் அங்கே உண்டு.

சாதாரண வெளிச்சத்தில் எடுக்கும் படம் கரும்புள்ளிகளைக் காட்டும். அதோடு, சூரிய ஒளியிலிருந்து ஒரே ஒரு நிறத்தை மட்டும் பிரித்தெடுத்துப் படமெடுக்கும் முறையும் உண்டு. கால்சியம் ஆவி வெளிவிடும் ஊதா நிறத்தில் எடுக்கப்பட்ட படவரிசை 1907 முதலும், ஹைட்ரஜனின் சிவப்பு நிறத்தில் எடுக்கப்பட்ட படவரிசை 1912 முதலும் அங்கே சேமிக்கப்பட்டுள்ளன. வீட்டின் வெளிச்சுவர், கூரை, கூரைமேல் எழும் புகை என்று தனித்தனியாகப் படமெடுப்பது போன்றது இது. ஒவ்வொரு நிறமும் சூரியனின் வேறொரு அடுக்கைக் காட்டுகிறது.

இந்த ஆய்வகத்தின் பெயரை உலகப் பாடநூல்களில் ஏற்றிய கண்டுபிடிப்பு 1909இல் நிகழ்ந்தது. அதைப் புரிந்துகொள்ள, நமக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம்.

செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று ஹாரனை அழுத்தியபடியே பள்ளியைக் கடந்து போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மை நோக்கி வரும்போது ஒலி கூர்மையாக இருக்கும். கடந்து விலகும்போது சட்டென்று தணிந்து தடிக்கும். ஹாரன் மாறவில்லை. வண்டி நெருங்கும்போது ஒலி அலைகள் நெருக்கப்படுகின்றன, விலகும்போது நீட்டப்படுகின்றன. ஒளிக்கும் இது பொருந்தும். ஒளி தரும் பொருள் நம்மை நெருங்கினால் அதன் நிறமாலைக் கோடுகள் ஊதாப் பக்கம் சற்று நகரும். விலகினால் சிவப்புப் பக்கம் நகரும். அந்தச் சிறு நகர்வை அளந்தால், பதினைந்து கோடிக் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள சூரியனில் வாயு எத்திசையில், என்ன வேகத்தில் ஓடுகிறது என்பதைச் சொல்லிவிடலாம்.

ஜான் எவர்ஷெட் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1907இல் கோடைக்கானலுக்கு வந்தார். அடுத்த ஆண்டு, அமெரிக்காவில் ஹேல் என்பவர் கரும்புள்ளிகளில் வலிமையான காந்தப்புலம் இருப்பதைக் கண்டறிந்தார். புள்ளிக்குள் வாயு நீர்ச்சுழி போலச் சுற்றுவதால்தான் காந்தம் உண்டாகிறது என்ற கருத்து அப்போது நிலவியது. அந்தச் சுழற்சியைக் காண எவர்ஷெட் முயன்றார்.

கரும்புள்ளி என்பது ஓட்டை அன்று. சூரியனின் மேற்பரப்பு ஏறக்குறைய 5,500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்கிறது. புள்ளியின் நடுப்பகுதி அதைவிட 1,500 டிகிரிக்கு மேல் குறைந்த வெப்பத்தில் இருப்பதால் நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிகிறது. நடுவில் உள்ள கறுத்த பகுதியைக் கருநிழல் என்றும், அதைச் சூழ்ந்துள்ள மங்கலான வளையத்தைப் புறநிழல் என்றும் கூறுவர்.

1909 ஜனவரி 5ஆம் நாள் எவர்ஷெட் புள்ளிகளின் நிறமாலையைப் படமெடுத்தார். சுழற்சி தெரியவில்லை. தெரிந்தது வேறு. புள்ளி சூரியனின் நடுவில் இருந்தபோது புறநிழலில் கோடுகள் நகரவில்லை. புள்ளி சூரியனின் விளிம்புக்கு அருகே இருந்தபோது கோடுகள் நகர்ந்தன. சூரியனின் நடுவை நோக்கிய பக்கத்தில் ஊதாவை நோக்கியும், விளிம்பை நோக்கிய பக்கத்தில் சிவப்பை நோக்கியும் நகர்ந்தன. இதற்கு என்ன பொருள்?

கவிழ்த்து வைத்த தட்டின்மேல் குழாய்த் தண்ணீர் விழுவதை நினைத்துக்கொள்ளுங்கள். நீர் தட்டின் நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் விலகி ஓடும். நேர் மேலே இருந்து பார்த்தால் நீர் நம்மை நெருங்குவதும் இல்லை, விலகுவதும் இல்லை, பக்கவாட்டில்தான் ஓடுகிறது. பக்கத்தில் குனிந்து பார்த்தால், இந்தப் பக்கத்து நீர் நம்மை நோக்கி வருகிறது. அந்தப் பக்கத்து நீர் விலகிப் போகிறது. கரும்புள்ளியின் புறநிழலிலும் அப்படியே. வாயு சுற்றவில்லை, நடுவிலிருந்து வெளிப்புறமாக ஓடுகிறது. அதன் வேகம் நொடிக்கு ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர், அதாவது மணிக்கு 7,200 கிலோமீட்டர்! இந்த ஓட்டத்திற்கு இன்றும் எவர்ஷெட் விளைவு என்றே பெயர்.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். எவர்ஷெட் சுழற்சியை எதிர்பார்த்துப் போனார். எதிர்பார்த்ததை எழுதாமல், கண்டதை எழுதினார். எதிர்பார்த்ததை எழுதியிருந்தால், இன்று அவர் பெயரை நாம் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

சரி, மழைக் கேள்வி என்ன ஆயிற்று? பஞ்சத்தை முன்னறியத்தானே ஆய்வகத்தைக் கட்டினார்கள்?

சூரியப் புள்ளிகளை எண்ணிப் பருவமழையை முன்கூட்டிச் சொல்லும் நம்பகமான கணக்கு எதுவும் கிடைக்கவில்லை. புள்ளிகள் பெருகும் காலத்துக்கும் குறையும் காலத்துக்கும் இடையே சூரியன் தரும் ஆற்றலில் உள்ள வேறுபாடு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான். விடை வேறிடத்தில் இருந்தது. 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை தாங்கிய கில்பர்ட் வாக்கர் என்னும் கணித அறிஞர், உலகின் பல ஊர்களில் எழுதிவைக்கப்பட்ட காற்றழுத்தக் கணக்குகளை ஒப்பிட்டுப் பார்த்தார். பசிபிக் பெருங்கடல் பக்கம் காற்றழுத்தம் கூடினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் குறைகிறது. இங்கே கூடினால் அங்கே குறைகிறது. ஏற்றப் பலகையில் இரு பிள்ளைகள் ஆடுவதுபோல் இருந்தது. பசிபிக் கடல்நீர் வழக்கத்துக்கு மேல் சூடாகும் எல் நினோ என்னும் நிகழ்ச்சியோடு இந்த ஆட்டம் பிணைந்திருப்பதைப் பிற்கால அறிஞர்கள் தெளிவாக்கினார்கள்.

பழைய கணக்குகளைத் திரும்பப் பார்த்தபோது, தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டிய 1877, 1878ஆம் ஆண்டுகளில் மிகக் கடுமையான எல் நினோ நிகழ்ந்திருப்பது தெரியவந்தது. எல் நினோவை நாமும் அறிவோம். 1997இலும் 2015இலும் நம் நாட்டை மூடிய புகைமூட்டத்தை நினைவு வைத்திருப்பீர்கள். அந்த ஆண்டுகளின் வறட்சிதான் காட்டுத்தீயைப் பரவவிட்டது. அத்தகைய வறட்சிக்குப் பல மாதங்கள் கழித்துச் செம்பனையில் குலை குறைவதைத் தோட்டத்தில் வேலை செய்வோர் நன்கு அறிவர். அன்று நம் முன்னோரின் வயலைக் காயவைத்த அதே கடல்தான் இன்று நம் தோட்டத்தையும் காயவைக்கிறது.

அப்படியானால் கோடைக்கானலில் எடுத்த படங்கள் எல்லாம் வீணா? இல்லை. அதுதான் இந்தக் கதையின் முக்கியமான இடம்.

சூரியனின் காந்தப்புலத்தை முழு முகத்துக்கும் ஒழுங்காக அளக்கும் பழக்கம் அண்மைப் பத்தாண்டுகளில்தான் வந்தது. அதற்கு முந்திய காலத்தில் சூரியனின் காந்தம் எப்படி இருந்தது? திரும்பிப் போய் அளக்க முடியாது. ஆனால் காந்தம் வலுவாக உள்ள இடங்கள் கால்சியம் நிறப் படத்தில் பிரகாசமாகத் தெரியும். ஆகவே 1907 முதல் எடுத்த அந்தப் பழைய கண்ணாடித் தகடுகளும் படச்சுருள்களும் சூரியக் காந்தத்தின் நூறாண்டு வரலாற்றைத் தம்முள் வைத்திருக்கின்றன. படமெடுத்தவர்களுக்கு அன்று இது தெரியாது. இன்று பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் அப்படங்களைக் கணினியில் ஏற்றிவிட்டது. சூரியச் சுழற்சி ஏன் சில காலத்தில் வலுத்தும் சில காலத்தில் மெலிந்தும் வருகிறது என்று ஆராய்வோருக்கு அவை கிடைத்தற்கரிய செல்வம்.

அதனால் நமக்கு என்ன என்று கேட்கலாம். 1989 மார்ச் 13ஆம் நாள் சூரியனிலிருந்து கிளம்பிய காந்தப் புயல், கனடாவின் கியூபெக் மாநிலத்தில் மின்சாரத்தை ஒன்பது மணிநேரம் நிறுத்திவிட்டது. அறுபது இலட்சம் மக்கள் இருளில் இருந்தார்கள். நம் கைப்பேசி, விமானம், வழிகாட்டும் துணைக்கோள் ஆகிய அனைத்தும் சூரியனின் மனநிலையைப் பொறுத்தவை. புயலை முன்னறிய வேண்டுமானால் சூரியனின் பழைய பழக்கங்கள் தெரிந்திருக்க வேண்டும். 2023 செப்டம்பர் 2ஆம் நாள் இந்தியா ஆதித்யா எல்-1 என்னும் ஆய்வுக்கலத்தை ஏவியது. அது பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் உள்ள இடத்தை 2024 ஜனவரியில் அடைந்தது. அந்தத் திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் தமிழ்நாட்டின் செங்கோட்டையைச் சேர்ந்த நிகார் சாஜி என்னும் பெண்மணி. கலத்தின் முக்கியமான கருவியைச் செய்தது, கோடைக்கானல் ஆய்வகத்தை நடத்தும் அதே பெங்களூர் நிறுவனம். மலைமேல் இருந்த நாட்குறிப்பு விண்வெளிக்கும் போயிருக்கிறது.

மாணவர்களே, நீங்களும் சூரியனைப் பார்க்கலாம். ஆனால் வெறுங்கண்ணால் ஒருபோதும் பார்க்காதீர்கள். சாதாரணக் கறுப்புக் கண்ணாடியும் காப்பாற்றாது. கண் பார்வை போய்விடும். ஓர் அட்டையில் ஊசியால் சிறு துளை இடுங்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, துளை வழியே வரும் ஒளியை இரண்டு மீட்டர் தள்ளி வைத்த வெள்ளைத் தாளில் விழச் செய்யுங்கள். ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு வட்டம் தெரியும். அது துளையின் வடிவம் அன்று, சூரியனின் படம். 2019 டிசம்பர் 26ஆம் நாள் தெற்கு ஜொகூரில் சூரிய கிரகணம் நிகழ்ந்தபோது, மேகம் விலகிய சிறிது நேரத்தில், எங்கள் வீட்டு மாமரத்தின் இலை இடுக்குகள் வழியே தரையெல்லாம் பிறை பிறையாக ஒளி விழுந்தது. கிரகணத்துக்குப் பயந்து பிள்ளைகளை உள்ளே வைத்திருந்த அக்கம்பக்கத்துத் தாய்மார்களும் அந்தப் பிறைகளைப் பார்க்க வெளியே வந்துவிட்டார்கள்.

இப்போது என் மாணவனின் கேள்விக்கு வருகிறேன். கோடைக்கானலிலும் மேகம் மூடும் நாட்கள் உண்டு. மழைக்காலத்தில் தொடர்ந்து பல நாள் சூரியன் தெரியாது. அன்று அங்கே என்ன செய்கிறார்கள்? நேற்றுப் படத்தை எடுத்து இன்றைய தேதி போட்டு வைப்பதில்லை. அந்த நாளை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். அந்த வெறுமையும் ஒரு செய்திதான். ஆய்வாளர் அதைக் கண்டு, "இந்த நாள் தெரியவில்லை" என்று அறிந்துகொள்வார். பொய்யாக ஓர் எண்ணைப் போட்டிருந்தால், அது எந்த எண் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. ஒரு நாள் பொய் மற்ற நாட்களின் மெய்யையும் ஐயத்துக்கு உள்ளாக்கிவிடும்.

நாம் எழுதும் கணக்கு எதற்குப் பயன்படும் என்பது நமக்குத் தெரியாது. ஷ்வாபே கோளைத் தேடினார்; சுழற்சி கிடைத்தது. எவர்ஷெட் சுழியைத் தேடினார்; ஓட்டம் கிடைத்தது. மழைக்காகக் கட்டிய ஆய்வகம் சூரியக் காந்தத்தின் வரலாற்றை நமக்குத் தந்தது. தேடியது மாறினாலும் கணக்கு மெய்யாக இருந்ததால் பயன் விளைந்தது.

அந்த மாணவன் இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறான். எங்கள் மழைப் புத்தகத்தில் அந்த விடுமுறை நாட்களுக்கு நேராக அவனுடைய கையெழுத்தில் "அளக்கவில்லை", "அளக்கவில்லை" என்று வரிசையாக எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தைத்தான் ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்களுக்கு முதலில் எடுத்துக் காட்டுகிறேன்.